வெயிலில் பார்க்க வேண்டிய துணி

அந்தப் பை எங்கே வாங்கினது டீச்சர்? கறுப்புப் பை, வெள்ளை எழுத்து, கயிறு வைத்த கைப்பிடி. மதுரைதானே? நினைத்தேன். அந்தக் கடைப் பை என் கடைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. கோபமெல்லாம் இல்லை, பை என்ன செய்யும் பாவம். கீழே வையுங்க. ஐயோ அந்தப் பக்கம் வேண்டாம், லைனிங் கட்டு இருக்கிறது. கையிலேயே வைத்துக்கங்க.

உட்காரச் சொல்லலாம். ஸ்டூலில் ஃபால்ஸ் பெட்டி இருக்கிறது, இறக்கினால் மறுபடி யார் ஏற்றுவது? நில்லுங்க. சேலையை இப்படிக் கொடுங்க. மயில் கழுத்துக் கலர். நல்ல சேலைதான், ஆனால் ஆளை ஏமாற்றுகிற கலர். இந்தப் பக்கம் பார்த்தால் நீலம், திருப்பினால் பச்சை. இதற்கு ஜாக்கெட் பிட் பொருத்துவதென்றால் அவசரப்படக் கூடாது. ஏங்க, மேல் தட்டில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு கட்டு இருக்குமே, அதை எடுங்க. அது இல்லை. அதுவும் இல்லை. அதற்கு மேலே.

என் வீட்டுக்காரர்தான். இன்னாசி என்று பெயர். பேசவே மாட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான், என்ன காரணமென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவர் தேடி எடுக்கட்டும். அதற்குள் அந்தக் கடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்க ஊருக்குப் புதுசாக மாற்றலாகி வந்தவங்க, யார் பக்கமும் சேராதவங்க. நீங்களே நியாயம் சொல்லுங்க.

எனக்கு ஒரே மகள், ரோஸ்லின். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பதவிசான வீடு. மாமியார்க்காரி காலேஜில் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவங்க. அந்த அம்மா பேசினால் எதிரில் இருப்பவருக்கே பாதிதான் காதில் விழும். அப்படி ஒரு குரல். போன வாரம் ஊருக்கு வந்த என் மகள், சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்கிறாள்:

"அம்மா, முகூர்த்தப் பட்டு எடுக்க நானும் அத்தையும் மட்டும் போயிட்டு வந்திடுறோம்."

"நான்?"

"உனக்கு எதுக்கும்மா அலைச்சல்."

அலைச்சலாம். எனக்கு. இந்த ஊரில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேர் முகூர்த்தப் பட்டோடு இதே இடத்தில், இப்போ நீங்க நிற்கிற மாதிரி நின்றவர்கள். ஊரார் பட்டுக்கெல்லாம் நான் கலர் பார்த்துக் கொடுத்தேன். என் பெண்ணின் பட்டை மட்டும் நான் பார்க்காமல் எடுத்து வருவார்களாம். வந்த பிறகு, "அம்மா, இதுக்கு ஒரு ஜாக்கெட் பிட் கொடு" என்று வெளியாள் மாதிரி வந்து நிற்பாளாம்.

"உள்ளதைச் சொல்லுடி" என்றேன்.

"உள்ளதைச் சொன்னா கோபப்படுவ. நீ பேரம் பேசுவ. கத்துவ. துணியை மோந்து பாப்ப. சின்ன வயசுல நீ ஜவுளிக்கடைக்குள்ள போனா நான் வெளியிலயே நின்னுக்குவேனே, ஞாபகம் இருக்கா? அத்தை முன்னாடி அப்படி நிக்க முடியாதும்மா."

நான் கத்துவேனாம் டீச்சர்! நீங்க எவ்வளவு நேரமாக நிற்கிறீங்க, ஒரு தடவையாவது—

ஏய், யாரது? அந்த ரோஸ் கலரை உருவாத! அடுக்கே சரியுது பாரு. எடுத்தா எடுக்கணும், விரிச்சு விரிச்சுப் பாத்துட்டுப் போக இது என்ன பொருட்காட்சியா? என்னது, குறைச்சுத் தரவா? தலைக்கு மேல போர்டு தொங்குதே, கண்ணு தெரியுதா இல்லையா? 'பேரம் பேசாதீர்.' படிச்சிட்டுப் பேசு!

போகட்டும் விடுங்க, வாங்குகிற முகம் இல்லை அது. எங்கே விட்டேன்? ஆங், கத்துவேன் என்றாள்.

பேரம் பேசுவது ஒரு குற்றமா டீச்சர்? பஸ் ஸ்டாண்டில் ஜாக்கெட் பிட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி விற்றவள் நான். கண்டக்டர் இறக்கிவிடுவான், போலீஸ்காரர் விரட்டுவார், பிளாட்பாரத்துப் பழக்கடைக்காரி தன் இடமென்று கூடையால் இடிப்பாள். ஈரோட்டு மொத்தக் கடைக்காரன் சொன்ன விலையைச் சரி சாமி என்று கொடுத்திருந்தால் இந்த நாலு சுவர் எனக்கு வந்திருக்குமா? அவன் என்னைப் பார்த்ததுமே, "அக்கா, முதல்ல டீ சாப்பிடுங்க, அப்புறம் திட்டுங்க" என்பான். அதெல்லாம் ஒரு மரியாதை.

கடைசியில் என் மகள் ஒரு வழி சொன்னாள். "நிச்சயத்துக்கு ஒரு லெஹங்கா எடுக்க நாளைக்கு மதுரைக்குப் போறேன். நீயும் வா. அங்க வாயே திறக்காம இருந்து காட்டு. ஒரு வார்த்தை கூடாது. இருந்துட்டேன்னா, பட்டெடுக்கவும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கே பரீட்சை. சரி என்றேன். என்ன செய்ய? பெற்றவள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலேயே கல்கோனா மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். தெரியும்தானே, கல் மாதிரி இருக்கும், லேசில் கரையாது. அது வாயில் இருந்தால் பேச்சு வராது. கடை வாசலில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் மகள் பார்த்துச் சிரித்தாள்.

வாசலிலேயே ஆரம்பித்தது. செக்யூரிட்டி என் மஞ்சள் பையைக் கையிலிருந்து வாங்கி ஒரு தட்டில் போட்டு, டோக்கன் கொடுத்தான். என் மகளின் தோல் பையைத் தொடவில்லை. என் பையில் என்ன இருந்தது? தண்ணி பாட்டிலும் குடையும் மீதிக் கல்கோனாவும். பையை வாங்கி வைத்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் டீச்சர்? உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். எவ்வளவு பெரிய அவமானம் அது! மிட்டாயைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மார்கழிக் குளிர். இங்கிலீஷ் பாட்டு. நாலு துணி இங்கே தொங்குகிறது, நாலு துணி அங்கே தொங்குகிறது. நடுவில் பாய் விரித்துப் படுக்கலாம். இவ்வளவு இடத்தை நமக்குக் கொடுத்தால் எத்தனை தட்டு அடித்திருப்போம்! கறுப்பு டீ-ஷர்ட் போட்ட மூன்று பெண்கள், ஆளுக்கு ஒரு செல்போன். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. உட்காருங்க என்று ஒரு ஸ்டூல் இல்லை. வந்தவர்களை நிற்க வைத்தே பேசுவது என்ன பழக்கம், சொல்லுங்க.

அதில் மூக்குத்தி போட்ட ஒருத்தி என்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கினாள். பார்வை என் ரப்பர் செருப்பில் வந்து நின்றது. அப்புறம் ஏறவே இல்லை, செல்போனுக்குப் போய்விட்டது.

என் மகள் மெதுவாகக் கேட்டாள். "இதுல மீடியம் சைஸ் இருக்குமா?"

"வெளிய இருக்கறதுதான்."

"உள்ள ஸ்டாக்ல பாக்க முடியுமா?"

"பாத்தாச்சு மேம்."

எப்போ பார்த்தாள்? கண்ணைச் செல்போனிலிருந்து எடுக்கவே இல்லை. என் நாக்கு நுனியில் நாலு கேள்வி வந்து நின்றது. கல்கோனாவை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினேன்.

ஒரு துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான். "ஆண்ட்டி, தொடாதீங்க! லைட் கலர். கை பட்டா அழுக்காயிடும்."

என் கை! விடிந்தால் அடைந்தால் துணியிலேயே கிடக்கிற கை. கண்ணை மூடிக்கொண்டு ரூபியாத் துணி எது, டூ பை டூ துணி எது என்று சொல்கிற கை. பேசவில்லையே நான். பெரிய மாதா கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் மகள் ஒரு லெஹங்காவைப் பிடித்துவிட்டாள். வெங்காயத் தோல் கலர். மாப்பிள்ளைக்கு அதே கலரில் குர்தா தைத்தாகிவிட்டது, அதற்குப் பொருத்தமாக வேண்டும். அவள் செல்போனில் இருந்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்விட்டாள். போட்டோவில் கலர் பார்க்கிற பிள்ளையை என்ன சொல்வது? நான் தையல்காரரிடம் கேட்டு, குர்தாத் துணியில் மிஞ்சின துண்டை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தேன்.

அந்தக் கடை பூராவும் மஞ்சள் வெளிச்சம் டீச்சர். மஞ்சள் வெளிச்சத்தில் எந்தக் கலர் தன் முகத்தைக் காட்டும்? இங்கேயே பாருங்க, டியூப்லைட்டில் அரக்கும் மெரூனும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். வாசலுக்குக் கொண்டுபோனால் சொந்தமே கிடையாது. அதனால்தான் எந்த மேட்சிங் சென்டரிலும் துணியை எடுத்தவுடன் கால் தானாக வாசலுக்கு நடக்கும். யாரையும் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

அதே லெஹங்கா பெரிய சைஸில் ஒன்று தொங்கியது. மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. யோசித்தேன். வாக்கு கொடுத்தது வாய்க்குத்தான், காலுக்கு இல்லையே. எடுத்தேன், தோளில் போட்டேன், வாசலைப் பார்த்து நடந்தேன்.

வாசலைத் தாண்டினேனோ இல்லையோ, ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம்! துணியில் பித்தான் மாதிரி எதையோ ஒட்டிவைத்திருக்கிறார்கள், அது வாசலைத் தாண்டினால் கத்துமாம். எனக்கு எப்படித் தெரியும்? செக்யூரிட்டி பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். உள்ளே இழுத்து நிறுத்தினான். அப்போதுதான் டீச்சர், அந்தக் கடையில் எல்லோருக்கும் நான் கண்ணுக்குத் தெரிந்தேன். மூன்று செல்போனும் கீழே இறங்கின. மூக்குத்திக்காரி, "அப்பவே நெனச்சேன்" என்றாள். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன், மேனேஜராம், "எத்தனை பேரும்மா வந்திருக்கீங்க? பேகை செக் பண்ணணும்" என்றான். துணி பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

நம்புங்க. பிரசவத்தில்கூட இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. அவனை ஒரே வார்த்தையில் நாராகக் கிழித்திருப்பேன். ஆனால் அந்தப் பட்டு கண் முன்னாலேயே நின்றது. இப்போ வாயைத் திறந்தால் என் மகள் என்னை விட்டுவிட்டுப் போய் முகூர்த்தப் பட்டு எடுப்பாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்கோனாவைக் கடித்தேன், அது உடைகிற ஜாதியா?

அந்தப் பையன், "பேசுங்கம்மா, திருடலைன்னா எதுக்குத் துணியை வெளிய கொண்டுபோனீங்க?" என்றான்.

"யாருடா அது எங்கம்மா கையப் பிடிச்சது?"

திரும்பினால் என் மகள். வெறுங்கால், விலைச்சீட்டு தொங்குகிற லெஹங்கா, பாதி போட்ட கொக்கி. அந்த இங்கிலீஷ் பாட்டே நின்றுபோன மாதிரி இருந்தது.

"கையை எடு முதல்ல! அவங்க துணியை வெயில்ல பாக்கப் போனாங்க. வெயில்ல பாக்கக் கூடாதுன்னு எங்க எழுதி மாட்டியிருக்க? போர்டு எங்க? காட்டு! போர்டை மாட்டிட்டுப் பேசு! நடுக்கடையில நிக்க வச்சு வேடிக்கை காட்ட இது என்ன பொருட்காட்சியா?"

"மேடம், அலாரம் அடிச்சதால—"

"அலாரத்துக்குக் காது இருக்கு, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? திருடுறவ டோக்கன் வாங்கிப் பையைக் கொடுத்துட்டு, துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆடி அசைஞ்சு போவாளா? வெயிலுக்குப் பயப்படுற துணி ஒரு துணியா? சாயமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது டீச்சர். படித்த பெண், நாலு பேர் நிற்கிற இடம், இப்படியா ஒரு கத்து கத்துவது? அந்த மாதிரிப் பேச்செல்லாம் எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது. இவரோ வாயே திறக்காத மனுஷர். இவருக்கு ஒரு சித்தி உண்டு, அந்த ரத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தோடு விட்டாளா? என் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டை எடுத்தாள். லெஹங்காவை வாங்கினாள். அலாரம் கதறக் கதற வாசலுக்குப் போய், வெயிலில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "செங்கல்!" என்று அங்கிருந்தே கூவினாள். "வெங்காயமும் இல்ல, தோலும் இல்ல. அசல் செங்கல் கலரு!"

அதைக் கேட்டதும், கண்ணாடி போட்ட ஒரு அம்மா தன் கையிலிருந்த நீலச் சுடிதாரைப் பார்த்தாங்க. நேராக வாசலுக்கு நடந்தாங்க. அலாரம். அவங்களுக்குப் பின்னால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் ஒரு குர்தாவோடு. அலாரம். இன்னொரு பெண் இரண்டு கையிலும் இரண்டு துணியோடு. செக்யூரிட்டி யாரைப் பிடிப்பான்? காதைப் பொத்திக்கொண்டு நின்றான். கடையே வாசலில் வந்து வெயில் காய்ந்தது.

அந்த மேனேஜர் பையன் என் மகளிடம், "மேடம், ப்ளீஸ், உள்ள வாங்க, டிஸ்கவுண்ட் பண்ணித் தர்றோம்" என்று கெஞ்சினான்.

நான் பேசாமல் விரலை மட்டும் நீட்டினேன். தெருப் பக்கம் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை நின்றது. அதன் மேல் நல்ல வெயில். அது போட்டிருந்த லெஹங்காதான் அசல் வெங்காயத் தோல். என் மகள் துண்டை வைத்துப் பார்த்தாள். அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டது. பொம்மையைக் கழற்ற வைத்தாள். அப்புறம் அவள் பேசின பேரம் இருக்கிறதே! "நாள்பூரா வெயில்ல நின்ன பீஸு, இதுக்கு எதுக்கு முழு விலை?" என்கிறாள். பொம்மை போட்டுக் கழற்றினது என்கிறாள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது என்கிறாள். துணியை மோந்துகூடப் பார்த்தாள் டீச்சர்! என்ன விலைக்கு முடித்தாள் என்று சொன்னால், அதே கடையில் எடுத்த உங்களுக்கு வயிறு எரியும். வேண்டாம்.

எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பாப்பா, போதும்டி. மானம் போகுது."

சொன்னதும்தான் உறைத்தது. வாயைத் திறந்துவிட்டேன். கல்கோனா வெளியே விழுந்து, அந்தப் பளபளத் தரையில் உருண்டு, மூக்குத்திக்காரி காலடியில் போய் நின்றது. என் பட்டு போச்சு என்று நினைத்தேன்.

அந்தப் பெண் குனிந்து மிட்டாயைக் காகிதத்தில் எடுத்தாள். பில் போடும்போது மெதுவாக, "சாரி ஆண்ட்டி. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கோமா, யாரைப் பாத்தாலும் எரிச்சலா வருது" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், அவர்களுக்கும் அங்கே ஒரு ஸ்டூல் கிடையாது. எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, அது இருக்கட்டும். வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கினதும், அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு கல்கோனா எடுத்து, அவளிடம் கொடுக்கச் சொல்லி செக்யூரிட்டியிடம் கொடுத்தேன். அவன் தனக்கும் ஒன்று கேட்டான். கொடுத்தேன். அவன் பிடித்த மணிக்கட்டு வலிக்கத்தான் செய்தது, என்ன செய்ய?

ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். வாடிப்பட்டி தாண்டியதும் நானே கேட்டேன். "ஒரு வார்த்தைதான் பாப்பா பேசினேன். அதுவும் உன்னை அடக்கத்தான். பட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டியா?"

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கிறாள்!

"நீ கண்டிப்பா வரணும்மா. சனிக்கிழமை பத்து மணிக்கு அத்தை வந்திடுவாங்க."

"வாயே திறக்க மாட்டேன். இன்னொரு பொட்டலம் வாங்கிக்கிறேன்."

"ஐயையோ, திற! அத்தை முன்னாடி நான் திறக்க முடியாதுல்ல? நான் கண்ணைக் காட்டுறப்ப நீ ஆரம்பி."

பார்த்தீங்களா? கடைசியில் என் அருமை தெரிந்தது. நான் நிதானமாக, பக்குவமாகப் பேசுவேன் என்று அவளுக்கே தெரிகிறது. நாளை மறுநாள் சனிக்கிழமை. இப்போதே தொண்டை கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஏங்க, கட்டு கிடைச்சுதா? இதென்ன, கையிலேயே வச்சுக்கிட்டு நிக்கிறீங்க! எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? நல்ல மனுஷன் போங்க!

இதோ, இதுதான் டீச்சர் உங்க பிட். சேலைமேல் வையுங்க. இங்கே பச்சையாகத்தான் தெரியும், அதை நம்பாதீங்க. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் நன்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்க. என் கடையில் அலாரமும் கிடையாது, ஆள் பிடிக்கிறவனும் கிடையாது. தாராளமாகப் பாருங்க.

பையை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போங்க. செருப்புக் கடைக்கு அந்தப் பக்கம் தாண்டாமல், என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்க. தப்பாக எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க ஊருக்குப் புதுசு.